டின் தக்காளியும் பச்சைப் பழமும்: சத்தில் மேலானது எது?

மலைநாட்டுக் கமக்காரப் பெருமக்களுக்கும் தோட்டக் குடும்பத்தினருக்கும் உரிய பாடம்

1. வினா எழுந்த விதம்

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில், வீட்டுத்தோட்டப் பயிர்களைப் பற்றி ஒரு மாலை வேளையில் விளக்கிக் கொண்டிருந்தபோது, கொழுந்து பறித்துத் திரும்பிய தாய் ஒருவர் பின்வருமாறு வினவினார்: "ஐயா, பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லி விட்டார்கள். கடையில் டின்னில் அடைத்த தக்காளி விற்கிறது. லயத்துக்குப் பின்னால் பேரி மரம் காய்த்து நிற்கிறது. காசு கொடுத்து டின்னை வாங்கவா, மரத்துக் காயைப் பறித்துக் கொடுக்கவா?"

அங்கிருந்தோர் இரண்டு பட்டனர். "டின்னில் அடைத்தது செத்த உணவு, பச்சையாய் உண்பதே உயிருள்ள உணவு" என்றனர் சிலர். "வெளிநாட்டில் பக்குவம் செய்து அடைத்த பொருளில் சத்து மிகுதியாய் இருக்கும்" என்றனர் வேறு சிலர். இவ்விரு கருத்துக்களும் தவறானவை. ஏன் தவறு என்பதை விளக்குவதும், உண்மையான விடையைக் கொண்டு அத்தாய் தம் அடுப்படியிலும் கமக்காரர் தம் தோட்டத்திலும் என்ன செய்யலாம் என்பதைக் காட்டுவதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

இது சிறிய வினா அன்று. 2016ஆம் ஆண்டு இலங்கையில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். கையிலுள்ள சிறு காசை எந்த உணவுக்குச் செலவிடுவது என்பது இப்பிள்ளைகளின் வளர்ச்சியோடு பிணைந்த வினாவாகும்.

2. ஒப்பிடும் முறை

இரு உணவுகளை ஒப்பிடுமுன் அளவு ஒன்றாதல் வேண்டும். ஆதலின் சத்துப் பட்டியல்கள் யாவும் உண்ணக்கூடிய பகுதியில் 100 கிராமை அடிப்படையாகக் கொள்ளும். எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு புசல் ஈர நெல்லையும் ஒரு புசல் காய்ந்த நெல்லையும் ஒரே விலைக்கு எந்தக் கமக்காரரும் வாங்க மாட்டார். ஈர நெல்லின் நிறையில் ஒரு பங்கு வெறும் நீர் என்பதை அவர் அறிவார். பழங்களும் காய்களும் அத்தகையனவே. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கிற்கு மேல் நீர். பேரியில் 84 பங்கு நீர். எனவே நிறையை மட்டும் நோக்காது, நீர் எவ்வளவு, எஞ்சிய திண்பொருளில் எந்தச் சத்து எவ்வளவு என நோக்குதல் வேண்டும்.

அடுத்து, "சத்து" என்பது ஒரு பொருளன்று. உடலுக்கு வலு தருவது ஒன்று. உடலைக் கட்டுவது ஒன்று. நோயைத் தடுப்பது ஒன்று. வேறொரு சத்தை உடலில் சேர்க்கத் துணை நிற்பது ஒன்று. எந்தத் தேவைக்கு என்று கேளாமல் எது மேலானது என்று கேட்பது, எந்த வேலைக்கு என்று கூறாமல் மண்வெட்டி சிறந்ததா கத்தி சிறந்ததா என்று கேட்பதை ஒக்கும்.

3. ஐந்து உணவுகளின் சத்து

குளிர் நாடுகளில் வீட்டு முற்றத்திலும் வேலி ஓரத்திலும் தானாகக் காய்ப்பது கிராப் அப்பிள் எனப்படும் சிறிய புளிப்பு அப்பிள் ஆகும். நம் மலைநாட்டில் அந்த இடத்தை வகிப்பது நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் காய்க்கும் பேரி. கடைகளில் பெயார்ஸ் என்று விற்பதும் இதுவே. கிராப் அப்பிளும் பேரியும் ரோசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த உறவு மரங்கள். இவ்விரண்டையும், தோட்டங்களில் எளிதிற் கிடைக்கும் கொய்யாவையும், செடியிற் பழுத்த தக்காளியையும், டின் தக்காளியோடு வைத்து நோக்குவோம். கீழ்க்காணும் எண்கள் 100 கிராமுக்கு உரிய ஏறத்தாழவான அளவுகள். இனத்துக்கு இனமும், பருவத்துக்குப் பருவமும் இவை சற்றே மாறும்.

டின் தக்காளி (தன் சாற்றிலேயே அடைத்தது): 17 கலோரி, மாப்பொருள் 4 கிராம், விற்றமின் சி 9 முதல் 13 மில்லிகிராம், பொட்டாசியம் 190 மில்லிகிராம், இரும்பு 0.5 முதல் 1 மில்லிகிராம்.

செடியிற் பழுத்த தக்காளி: 18 கலோரி, மாப்பொருள் 4 கிராம், விற்றமின் சி 14 மில்லிகிராம், பொட்டாசியம் 237 மில்லிகிராம், இரும்பு 0.3 மில்லிகிராம்.

பச்சைக் கிராப் அப்பிள்: 76 கலோரி, மாப்பொருள் 20 கிராம், விற்றமின் சி 8 மில்லிகிராம், பொட்டாசியம் 194 மில்லிகிராம், இரும்பு 0.4 மில்லிகிராம்.

பச்சைப் பேரி: 57 கலோரி, மாப்பொருள் 15 கிராம், விற்றமின் சி 4 மில்லிகிராம், பொட்டாசியம் 116 மில்லிகிராம், இரும்பு 0.2 மில்லிகிராம்.

கொய்யா: 68 கலோரி, மாப்பொருள் 14 கிராம், விற்றமின் சி 228 மில்லிகிராம், பொட்டாசியம் 417 மில்லிகிராம், இரும்பு 0.3 மில்லிகிராம்.

4. இவ்வெண்கள் கூறுவன

(அ) வலு. கிராப் அப்பிளும் பேரியும் டின் தக்காளியைவிட மும்மடங்கு, நான்கு மடங்கு கலோரி தருகின்றன. இது பழத்திலுள்ள சர்க்கரையினால் வருவது. கிராப் அப்பிள் 100 கிராம் தரும் வலுவைப் பெறவேண்டுமாயின் ஏறத்தாழ 450 கிராம் டின் தக்காளி உண்ண வேண்டும். காலை முதல் மலைச்சரிவில் நிற்பவருக்குத் தக்காளி பசி தீர்க்கும் உணவன்று. ஆயினும் பழமும் சோற்றுக்கோ ரொட்டிக்கோ ஈடாகாது என்பதை மறத்தலாகாது.

(ஆ) விற்றமின் சி. "பச்சையாய் உண்பதே சத்து" என்ற கருத்து இங்குதான் உடைகிறது. டின்னில் அடைத்துச் சூடேற்றிய பின்னரும் தக்காளியில் எஞ்சும் விற்றமின் சி, பச்சைக் கிராப் அப்பிளில் உள்ளதற்குக் குறையாமலும், பச்சைப் பேரியில் உள்ளதைப்போல் இருமடங்குக்கு மேலாகவும் உள்ளது. காரணம் எளிது. பேரியிற் பிறப்பிலேயே இச்சத்துச் சிறிது. இல்லாத சத்தைப் பச்சையாய் உண்பதனால் பெற முடியாது. பதரை எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தாலும் அது நெல்லாகாது அன்றோ?

அதே வேளையில் கொய்யாவை நோக்குக. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் விற்றமின் சி போதும் என்பது உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் கணிப்பு. கொய்யாப் பழத்தின் கால் பங்கு, அதாவது 25 கிராம் அளவு, அதனை நிறைவு செய்துவிடும். அதே அளவைப் பெற டின் தக்காளி ஏறத்தாழ அரைக் கிலோவும், பேரி ஒரு கிலோவுக்கு மேலும் வேண்டும்.

(இ) செந்நிறப் பொருள். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருவது லைக்கோப்பின் எனும் பொருள். இது 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ இரண்டரை மில்லிகிராம் உண்டு. பேரியிலும் கிராப் அப்பிளிலும் இல்லையெனலாம். இப்பொருளும், உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் மஞ்சட் பொருளும் சூட்டினால் எளிதில் அழிவதில்லை. மாறாக, சூடேறும்போது தக்காளியின் உயிரணுச் சுவர்கள் தளர்வதால், சிறிது எண்ணெயுடன் உண்ணும்போது உடல் அவற்றைப் பச்சைத் தக்காளியிலிருந்து பெறுவதிலும் மிகுதியாகப் பெறுகிறது. எனவே ஒரு சத்தைக் குறைக்கும் சூடு, மற்றொரு சத்தைப் பயன்படச் செய்கிறது.

(ஈ) இரும்பும் உப்பும். பட்டியலில் டின் தக்காளியின் இரும்பு பச்சைத் தக்காளியினும் கூடுதலாய் இருப்பதைக் கண்டு வியப்புறலாம். புளிப்புள்ள சாறு உலோகத்தைச் சிறிது கரைப்பது இதற்கு ஒரு காரணம். உட்பூச்சு இட்ட டின்களில் இது குறைவு. மேலும் தக்காளி குழையாதிருக்கக் கல்சியம் உப்பும், சுவைக்காகச் சாதாரண உப்பும் சேர்ப்பர். உப்பிட்ட டின் தக்காளியில் சோடியம் 100 மில்லிகிராமுக்கு மேலிருக்கும். பச்சைத் தக்காளியில் அது 5 மில்லிகிராம் அளவே. இரத்த அழுத்தமுடையோர் டின்னின் மேலுள்ள விவரத்தைப் படித்து, உப்புச் சேராததைத் தெரிதல் நன்று.

இவற்றால் துணியத்தக்கது யாதெனில்: டின் என்பதும் பச்சை என்பதும் சத்தைத் தீர்மானிப்பதில்லை. பயிர் தன்னுள் எந்தச் சத்தை எவ்வளவு சேர்த்தது, பின்னர் சூடும் காற்றும் நாளும் அதில் எவ்வளவைக் கவர்ந்தன என்னும் இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன.

5. சூடு, காற்று, நாள்

உணவைப் புட்டியில் அடைத்துச் சூடேற்றிக் கெடாது வைக்கும் முறையை வெளியிட்டவர் பிரான்சு நாட்டின் நிக்கொலா அப்பேர் என்பவர். 1810ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடுகிறது என்பதை அவர் அறியார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்தர் பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளக்கினார். மூடி இறுகிய கலத்தில் சூடு நுண்ணுயிரைக் கொல்கிறது. இறுகிய மூடி புதியது புகாமற் காக்கிறது. முறை முழுவதும் இவ்வளவே.

விற்றமின் சிக்குப் பகை மூன்று: காற்று, சூடு, காலம். இவற்றுள் காற்றும் சூடும் சேர்ந்தால் இழப்பு மிகும். தக்காளியை நறுக்கித் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் வைப்பதும், மூடாமல் நெடுநேரம் கொதிக்க விடுவதும், பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் சமைப்பதும் இச்சத்தை வீணாக்கும். செம்பு இச்சத்தின் அழிவை விரைவுபடுத்தும் உலோகம். தக்காளியின் புளிப்போ இதற்கு நட்பு. கீரையைவிடத் தக்காளியில் இச்சத்து சூட்டைத் தாங்கி நிற்பது அப்புளிப்பினாலேயாம்.

பச்சைப் பழமும் நாளுக்கு நாள் இழக்கிறது என்பதை நினைவிற் கொள்க. காயாகப் பறித்து, சாக்கிலும் பெட்டியிலும் திணித்து, தம்புள்ளைச் சந்தை சென்று, மீண்டும் மலையேறி வந்து, கடையில் வதங்கிக் கிடந்த தக்காளியைவிட, செடியிற் பழுத்த அன்றே போத்தலில் அடைத்த தக்காளி தாழ்ந்ததெனக் கூறுவதற்கில்லை.

6. அடுப்படிக்கு இதன் பயன்

அத்தாய்க்கு நாம் கூறிய விடை இதுவாகும்: "அம்மா, டின்னை வாங்க வேண்டாம்; பேரியைப் பசிக்குக் கொடுங்கள்; இரத்தத்துக்குக் கொய்யாவைக் கொடுங்கள்; அதையும் சாப்பாட்டோடு கொடுங்கள்."

டின் தக்காளியிலோ பேரியிலோ கொய்யாவிலோ இரத்தக் குறைவைத் தீர்க்கும் அளவு இரும்பு இல்லை. இரும்பு வரவேண்டியது கீரை, பருப்பு, கௌபி, நெத்தலிக் கருவாடு, முட்டை, இறைச்சி, ஈரல் முதலியவற்றிலிருந்தாம். ஆனால் கீரையிலும் பருப்பிலும் மாவிலுமுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் விற்றமின் சி இருந்தால் உடல் அதை மிகுதியாக ஏற்கும். காலையில் தனியே உண்ட கொய்யா, மதியக் கீரைக்கு உதவாது. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் சேர்தல் வேண்டும்.

இதற்கு மாறாக வேலை செய்வது தேத்தண்ணீர். தேயிலையின் துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் பாதிக்கு மேற்பட்ட இரும்பு இவ்வாறு வீணாகும். காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணீரும் ஒரே நேரத்தில் கொள்வது நம் தோட்டங்களின் வழக்கம். உலகுக்குத் தேயிலை அளிக்கும் கைகளுக்குரிய குருதியை அத்தேயிலையே குறைக்க விடலாகாது. தேத்தண்ணீரை விடச் சொல்வார் இல்லை. உணவுக்கும் அதற்கும் இடையே ஒரு மணித்தியாலம் விட்டாற் போதும். சிறு பிள்ளைகளுக்கு உணவோடு தேத்தண்ணீர் கொடுத்தல் கூடாது.

ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

(1) ரொட்டிக்கான சம்பலில் தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின், உண்ணும் வேளையிற் பிழிக.

(2) கீரைச் சுண்டல், பருப்புக் கறி உண்ணும் வேளையில் ஒரு துண்டு கொய்யாவோ சில நெல்லிக்காய்களோ சேர்த்துண்க.

(3) பிள்ளை மடுவத்தின் அருகிலும், லயத்தின் ஓரத்திலும் இடமிருப்பின், குளிர் மிகாத தாழ்ந்த தோட்டங்களில் கொய்யா மரமொன்று நடுக. உயர்ந்த இடங்களில் மரத்தக்காளி நன்கு வரும்; அதிலும் இச்சத்துத் தக்காளியினும் கூடுதலாக உண்டு.

(4) கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீருடன் விழுங்காது நீருடன் விழுங்குக. பழம் உண்பதனால் மாத்திரையை நிறுத்துதல் தகாது.

7. மிகுதித் தக்காளியைப் போத்தலில் அடைத்தல்

இனிக் கமக்காரர் பக்கம் வருவோம். ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய பகுதிகளில் நெல் அறுத்த வயலிலும் மேட்டு நிலத்திலும் தக்காளி பயிரிடுவோர் பலர். நுவரெலியாவின் உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் பொலித்தீன் கூடாரத்துள் பயிரிடுவர். எல்லோருடைய தக்காளியும் ஒரே காலத்திற் பழுக்கும்போது, பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாத விலை வருவதுண்டு. பழம் செடியிலேயே அழுகுவதும் உண்டு. சில மாதங்களின் பின் அதே கமக்காரரின் வீட்டார் கடையில் விலை கொடுத்துத் தக்காளி வாங்குவர். டின் தக்காளியில் சத்து எஞ்சும் என்று மேலே கண்டோம். எனவே மிகுதியைப் போத்தலில் அடைத்துக் கொள்வது வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் நன்மை.

ஆனால் ஒரு பெரும் எச்சரிக்கை. மலைநாட்டில் நீர் 100 பாகை சூட்டிற் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் ஏறும்போதெல்லாம் கொதிநிலை ஒரு பாகை குறையும். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் 96 பாகையளவிற் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே 94 பாகையளவிற் கொதிக்கும். பருப்பு இங்கே வேக நேரமெடுப்பதும் இதனாலேயே. குறைந்த சூட்டில் நுண்ணுயிர் இறக்க நேரம் மிகுதியாக வேண்டும். கொழும்புக்குப் பொருந்தும் நேரக் கணக்கை நுவரெலியாவிற் பின்பற்றினால் போத்தல் கெடும். உயிருக்கும் தீங்கு நேரலாம்.

செய்முறை வருமாறு:

(1) உறுதியான, நன்கு பழுத்த, காயமற்ற பழங்களைத் தெரிக. அழுகல், வெடிப்பு, நோய்ப் புள்ளி உள்ளவை ஆகா. உறைபனியாற் கருகிய செடியிலிருந்தும் பட்டுப்போன செடியிலிருந்தும் பறித்த பழம் ஆகாது. அதிற் புளிப்புக் குறைந்திருக்கும்.

(2) 450 மில்லிலீற்றருக்கு மேற்படாத கண்ணாடிப் போத்தல்களையும், இறுகப் பொருந்தும் புதிய மூடிகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவிச் சுடுநீரில் வைத்திருக்க.

(3) பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இட்டு, குளிர்நீரில் எடுத்துத் தோலுரித்து, நான்காக வெட்டுக.

(4) ஒரு பங்கு துண்டுகளை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் மசித்துக் கொதிக்கச் செய்து, எஞ்சியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுக. எல்லாம் சேர்ந்தபின் 5 நிமிடம் மெல்லக் கொதிக்க விடுக.

(5) ஒவ்வொரு போத்தலிலும் முதலிற் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் இடுக. இதனை விடுதல் கூடாது. தேசிக்காய்க்குத் தேசிக்காய் புளிப்பு வேறுபடுவதால் புதிய தேசிச்சாற்றை இதற்கு நம்புதலும் தகாது.

(6) சூடான தக்காளியை நிரப்பி, மேலே அரை அங்குலம் வெற்றிடம் விடுக. காற்றுக் குமிழிகளைச் சுத்தமான கரண்டிக் காம்பினால் நீக்கி, வாயைத் துடைத்து மூடுக.

(7) அடியில் துணியோ தட்டோ இட்ட பெரிய பாத்திரத்தில் போத்தல்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்குமாறு சுடுநீர் ஊற்றுக. நீர் நன்கு கொதித்த பின்னரே நேரத்தை எண்ணுக. கரையோரத்தில் 35 நிமிடம். ஹட்டன் உயரத்தில் 45 நிமிடம். நுவரெலியா உயரத்தில் 50 நிமிடம். இடையிற் கொதி அடங்கினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணுக.

(8) அடுப்பிலிருந்து இறக்கி 5 நிமிடம் கழித்துப் போத்தல்களை எடுத்து, காற்று வீசாத இடத்தில் ஒரு நாள் ஆறவிடுக. மூடியின் நடு உள்வாங்கி, அழுத்தினால் அசையாதிருத்தல் வேண்டும். அசையும் போத்தலை உடனே சமைத்துண்க. மற்றவற்றைத் திகதி எழுதி இருண்ட, குளிர்ந்த இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் பயன்படுத்துக.

8. செய்யத் தகாதன

வெங்காயம், உள்ளி, மிளகாய், எண்ணெய் முதலியவற்றை அடைக்கும்போது சேர்த்தல் கூடாது. அவை புளிப்பைக் குறைக்கும். வேண்டுவோர் போத்தலைத் திறந்து சமைக்கும்போது சேர்த்துக் கொள்க. அப்போது சிறிது எண்ணெய் சேர்ப்பது செந்நிறச் சத்தை உடல் ஏற்கவும் உதவும்.

போஞ்சி, கரட், லீக்ஸ், பீற்றூட், உருளைக்கிழங்கு, இறைச்சி, மீன் ஆகியவற்றை இம்முறையில் ஒருபோதும் அடைத்தலாகாது. இவற்றில் புளிப்பில்லை. மண்ணில் வாழும் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரில் இறப்பதில்லை. புளிப்பற்ற, காற்றுப்புகாத போத்தலுள் அவை முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சுக்கு நிறமோ சுவையோ இல்லாமலிருக்கலாம். தக்காளிக்குச் சிட்ரிக் அமிலம் இடச் சொல்வதும் இவ்வித்துக்கள் முளையாமற் செய்வதற்கேயாம்.

மூடி உப்பிய, கசிந்த, திறக்கையில் பீறிடும், நுரைத்த, வேறு மணம் வீசும் போத்தலையும், கடையில் உப்பிய, துருப்பிடித்த, விளிம்பு நசுங்கிய டின்னையும் சுவைத்துப் பார்த்தலும் ஆகாது. விலங்குகளுக்கும் இடாது அழித்துவிடுக. திறந்த டின்னில் மிஞ்சிய தக்காளியை டின்னிலேயே விட்டுவைக்காது, கண்ணாடி அல்லது பீங்கான் கலத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுக.

9. தொகுப்புரை

பச்சைப் பேரியும் கிராப் அப்பிளும் வலுவில் டின் தக்காளியை வெல்லும். விற்றமின் சியிலும் செந்நிறச் சத்திலும் டின் தக்காளி பேரியை வெல்லும். விற்றமின் சியில் கொய்யா இவை யாவற்றையும் வெல்லும். ஆகவே பசிக்கும் குருதிக்கும் வேறு வேறு உணவு வேண்டும். காசு கொடுத்து வாங்குமுன் தோட்டத்தில் நிற்பது எதற்கு உதவும் என்று பார்த்தல் வேண்டும். விலை விழுந்த தக்காளியை மண்ணிலே விடுவதினும், மலை உயரத்துக்குரிய நேரம் எண்ணிப் போத்தலில் அடைத்தால், தக்காளி இல்லாத மாதங்களிலும் அது பிள்ளையின் தட்டுக்கு வரும்.

பயிற்சி வினாக்கள்

1. பேரி பச்சையாய் உண்ணப்பட்டும் டின் தக்காளியினும் விற்றமின் சி குறைவாய்த் தருவது ஏன்?

2. கொய்யாவை எந்த வேளையில் உண்டால் கீரையின் இரும்பு உடலிற் சேரும்? தேத்தண்ணீரை எப்போது குடித்தல் வேண்டும்?

3. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் உள்ளது? அங்கு நீர் எத்தனை பாகையிற் கொதிக்கும் எனக் கணக்கிடுக.

4. தக்காளிக்குச் சொன்ன முறையில் போஞ்சியை ஏன் அடைத்தல் கூடாது?

இவ்வினாக்களை அயலவர் நால்வரோடு அமர்ந்து ஆராய்ந்து, ஐயமுள்ளதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளிக.